மூன்று பள்ளிக்கூடத்து டி.சி.

உலகத்தில் எல்லாரும் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் சேருவார்கள். சேர்ந்த அன்றைக்கே விட்டுப் போவதற்கு வழி பார்த்து வைத்துக்கொண்ட ஒரே மனிதன் எங்கள் டி.சி.தான். நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நாற்பது வயதைத் தாண்டிய யாரையாவது நிறுத்தி விசாரித்துப் பார்க்கலாம். அவனுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். டி.சி. என்றால் உடனே சிரிப்பார்கள். ஒரு பள்ளிக்கூடத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவனுக்கு ஹெட்மாஸ்டர் எழுதிக் கொடுக்கிற டிரான்ஸ்பர் சர்டிபிகேட்டை மற்றவர்கள் ஆயுளில் ஒரு தடவை வாங்குவார்கள். அவன் முடி வெட்டிக்கொள்கிற கணக்கில் வாங்கினான்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவனைப் பிடிக்காது. பிடிக்காது என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். உள்ளதைச் சொன்னால் பொறாமை. அது யுத்த காலம். அரிசியில் கல், எண்ணெயில் கலப்படம். சுத்தமான சரக்காக அப்போது என்னிடம் இருந்தது அவன் மேல் எனக்கிருந்த பொறாமை ஒன்றுதான்.

அந்த வருஷங்களில் இரண்டு ஊர்ப் பையன்களுக்கும் பால் பாட்மிண்டன் பைத்தியம் பிடித்திருந்தது. மஞ்சள் கம்பளி நூலை எலுமிச்சம்பழ அளவுக்கு இறுக்கிச் சுற்றிய பந்து, நரம்பு கட்டிய மட்டை, நடுவில் வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். யுத்தத்தில் கம்பளி நூல் கிடைக்காமல் போனபோது, எங்கள் டிரில் மாஸ்டர் கொடைக்கானலில் எப்போதோ வாங்கிய தமது மப்ளரைப் பிரித்துப் பந்து சுற்றினார். அது பச்சை மப்ளர். புல் முளைத்த மைதானத்தில் பச்சைப் பந்தைத் தேடுவதற்கே பாதி ஆட்டம் போய்விடும். ராஜபாளையத்தில் ஒரு தடவை அந்தப் பந்தையும் அம்பயர் வளர்த்த வெள்ளை நாய் கவ்விக்கொண்டு கண்மாய்க் கரை வரைக்கும் ஓடியது. ராஜபாளையத்து நாயைத் துரத்திப் பிடிக்க இன்னொரு ராஜபாளையத்து நாயால்தான் முடியும். நாங்கள் எல்லாரும் ஓடிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். மறுநாள் மாஸ்டரின் மப்ளர் இன்னும் ஒரு முழம் குறைந்தது.

பஞ்சம் கம்பளிக்கு மட்டுமில்லை, இடத்துக்கும்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஐந்தே இடம். ஆறாவது ஆளாக இருப்பவன் மட்டைகளைத் துடைத்து வைக்கலாம், ஸ்கோர் புத்தகம் எழுதலாம், ஐந்து பேரில் யாருக்காவது ஒரு சின்னச் சுளுக்கு வரக் கூடாதா என்று ஆண்டாள் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆறாவது ஆள் நான். இரண்டு வருஷம் ஸ்கோர் எழுதினேன். கையெழுத்து மணி மணியாக இருக்கும். அதனால் எனக்கு ரைட்டர் என்று பெயர். ஐந்து பேருக்கும் உடம்பு கல்லு மாதிரி இருந்தது; என் வேண்டுதல் எதுவும் பலிக்கவில்லை.

மூன்றாவது வருஷம் பலித்தது. எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் பரீட்சை எழுதி முடித்துப் பட்டாளத்துக்குப் போனான். ஓர் இடம் காலி. டிரில் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "ரைட்டரு, இந்த வருசம் நீதாம்லே. காலையில வெரசா வந்துரு" என்றார். நான் வீட்டுக்கு நடந்து போனதாக ஞாபகமில்லை. பறந்துதான் போயிருப்பேன்.

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலையில் மைதானத்துக்குப் போனேன். என் இடத்தில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு சைக்கிள், அதன் கேரியரில் ஒரு தகரப் பெட்டி. இடது கையில் மட்டை.

அதுதான் டி.சி.

பக்கத்து ஊரான மம்சாபுரத்தில் அவன் அப்பா சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மகன் நீட்டுகிற காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவார்; போட்ட பிறகு அதே காகிதத்தில் கடுகு மடிப்பதும் உண்டு. டி.சி. முதலில் ராஜபாளையம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். அங்கே ஒரே ஒரு ஆட்டத்தில் அவனை வெளியே உட்கார வைத்தார்கள். மறுநாள் டி.சி. வாங்கிக்கொண்டு, எங்கள் ஊரில் இருந்த இன்னொரு பள்ளிக்கூடமான மிஷனுக்கு வந்துவிட்டான். அங்கே பின்வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பின்வரிசைக்குப் பந்து எப்போதாவதுதான் வரும் என்று திரும்ப ராஜபாளையம் போனான். அங்கே இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் புதிதாகச் சேர்ந்ததும், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலி என்று மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தான். ஏன் இப்படி அலைகிறாய் என்று யாராவது கேட்டால் அவனிடம் ஒரே பதில்தான்.

"உக்காந்து பாக்கணும்னா நான் டூரிங் டாக்கீசுக்குப் போக மாட்டேனா? அங்க பாட்டாவது இருக்கும்."

இப்படி ஊர் ஊராகப் படித்ததில் அவனுடைய சரித்திர ஞானம் ஒரு தினுசாக ஆகிவிட்டது. அவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேருகிறானோ அங்கே அப்போதுதான் மொகலாயர் பாடத்தைத் தொடங்கியிருப்பார்கள். பாதியில் இவன் கிளம்பிவிடுவான். எங்கள் சரித்திர வாத்தியார் ஔரங்கசீப்பைப் பற்றிக் கேட்டபோது எழுந்து நின்று பணிவாகச் சொன்னான்: "பாபர் எனக்கு மூணு தடவை வந்துட்டாரு சார். இவரு ஒரு தடவைகூட வரல."

இடது கையால் எழுதுகிற பையன்களை அந்தக் காலத்து வாத்தியார்கள் சும்மா விடமாட்டார்கள். விரல் முட்டியில் அடித்து அடித்து வலது கைக்கு மாற்றிவிடுவார்கள். டி.சி.யை மாற்ற மூன்று பள்ளிக்கூடத்திலும் முயன்றார்கள். பாதிக் காரியம் ஆவதற்குள் அவன் பள்ளிக்கூடத்தை மாற்றிவிடுவான். கடைசி வரைக்கும் இடது கையாலேயே, நண்டு ஊர்ந்த மாதிரி எழுதினான். எங்கள் பள்ளிக்கூடத்தில் இடது கைக்காரன் அவன் ஒருவன்தான்.

பனியன் விஷயம் இன்னும் வேடிக்கை. ராஜபாளையத்துக்காரர்களுக்கு நீலப் பனியன், மிஷனுக்கு மஞ்சள், எங்களுக்கு அரக்கு. அவனுக்கு இருந்தது ஒரே பனியன். பள்ளிக்கூடம் மாறும்போதெல்லாம் அதைச் சாயத்தில் முக்கி எடுத்துவிடுவான். ஆட்டம் சூடு பிடித்து வியர்வை ஊறியதும் மேல் சாயம் இறங்கும். பாதி ஆட்டத்தில் மஞ்சள் தெரியும். இருபது பாயிண்டு தாண்டினால் முதுகு நீலமாகிவிடும். ராஜபாளையத்தோடு ஆடும்போது அவர்கள் பக்கத்துப் பையன் ஒருவன், "ஏமிரா, மறுபடி எங்ககிட்டயே வந்துட்டியா" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டான். கேட்டது பனியனை மட்டும் பார்த்து அல்ல. பக்கம் மாறும்போது பழக்க தோஷத்தில் டி.சி. அவர்களோடு போய் நின்றுவிட்டான். அந்தப் பக்கம் ஆறு பேர், எங்கள் பக்கம் நான்கு. அம்பயர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத் தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறேனே தவிர, ஆட்டத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இடது கையால் அவன் வெட்டிவிடுகிற பந்து வலைக்கு அந்தப் பக்கம் விழுந்து செத்துப்போகும். எதிராளி குனிவதற்குள் பாயிண்டு. நான் ஸ்கோர் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே கோடு போட்டுப் போட்டு என் பென்சில்தான் தேய்ந்தது. ஒவ்வொரு கோட்டையும், அது நான் எடுத்திருக்க வேண்டிய பாயிண்டு என்று நினைத்துக்கொண்டே போட்டேன். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்ததும் உண்டு.

மைதானத்தோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை. ஆட்டம் உள்ள நாளில் மம்சாபுரத்திலிருந்து விடியற்காலையில் சைக்கிள் மிதித்து வருகிறவன், என்னைக் கூப்பிடுகிற சாக்கில் எங்கள் வீட்டில் நுழைந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். அம்மா முதல் தோசையை அவனுக்குப் போடுவாள். இந்த உலகத்தில் முதல் தோசை என்பது எனக்கு மட்டுமே உரியது என்று பதினாறு வருஷம் நம்பியிருந்தவன் நான்.

"பாத்தியாலே, அந்தப் பிள்ளை எம்புட்டு அடக்கமா உக்காந்து சாப்பிடுது. நீயும் இருக்கியே" என்பாள் அம்மா.

"இன்னொண்ணு போடுங்கம்மா, செத்த முறுகலா" என்பான் அந்த அடக்கமான பிள்ளை.

அவனுக்கும் எனக்கும் இருந்த ஒரே தொழில் சம்பந்தம் விண்ணப்பம். அவனுக்கு மாஸ்டர் மேல் கோபம் வந்தால், அதாவது ஏதாவது ஒரு நாள் பயிற்சியில் ஐந்து நிமிஷம் வெளியே நிற்கச் சொன்னால், நேரே என்னிடம் வருவான்.

"ஏலே ரைட்டரு, ஒண்ணு எழுது."

டி.சி. கேட்டு ஹெட்மாஸ்டருக்கு ஒரு விண்ணப்பம். நான் மாதிரி எழுதிக் கொடுப்பேன். அவன் அதைப் பார்த்துத் தன் நண்டு எழுத்தில் எழுதி மாஸ்டரிடம் நீட்டுவான். 'மகா கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு' என்று ஆரம்பித்து, 'ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி எனக்கு டி.சி. கொடுத்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிப்பேன். மாஸ்டர் அதை வாங்கிப் படித்து, அவன் தோளில் கையைப் போட்டு, தனியாக அழைத்துப் போய்ச் சமாதானம் பேசி, விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுவார். நாலைந்து நாளில் மறுபடியும் ஒன்று. மூன்று மாதத்துக்குள் குறைந்தது இருபது எழுதியிருப்பேன். நான் இத்தனை வருஷமாகப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். அந்த விண்ணப்பங்களை எழுதிய ஆசையோடு வேறு எதையும் எழுதியதில்லை. இந்தத் தடவையாவது போய்த் தொலைய மாட்டானா என்று ஒவ்வொரு எழுத்தையும் வேண்டிக்கொண்டு எழுதினேன்.

அவன் போகவில்லை. ஐப்பசியில் பெரிய பந்தயம் வந்தது. ராஜபாளையத்தில், ராஜபாளையத்துக்காரர்களோடு, கோப்பைக்கு ஆட்டம். எங்கள் பள்ளிக்கூடம் அந்தக் கோப்பையைக் கண்ணால்தான் பார்த்திருக்கிறது. அந்த வருஷம் ஜெயிப்போம் என்று மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் டி.சி.க்கும் அது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அந்த ஆட்டத்திலும் நான் பென்சிலோடு உட்கார்ந்தால், பள்ளிக்கூடத்துக்காக ஒரு தடவைகூட மட்டை பிடிக்காமலே வெளியே போவேன். மூன்று வருஷத்தில் நான் ஆசைப்பட்டதெல்லாம் ஒரே ஒரு ஆட்டம்.

பந்தயத்துக்கு ஒரு விதி இருந்தது. ஆடுகிறவன் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். டி.சி. மாதிரி ஆட்களுக்காகவே யோசித்துப் போட்ட விதி. எங்கள் கிளார்க்கு, அவன் எப்போது சேர்ந்தான் என்று யோசித்து, "தேர்ச் சமயம்" என்று ஞாபகப்படுத்திக்கொண்டு, தேர் புறப்பட்ட தேதியைப் படிவத்தில் எழுதி அனுப்பிவிட்டார். எங்கள் ஊர்த் தேரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இப்போது எப்படியோ, அப்போதெல்லாம் அது புறப்படுகிற நாள் ஒன்று, நிலைக்கு வந்து சேருகிற நாள் ஒன்று. நடுவில் மூலைக்கு மூலை நின்றுவிடும். வடம் பிடிக்கச் சோழபுரத்திலிருந்தும் வன்னியம்பட்டியிலிருந்தும் ஆள் வர வேண்டும். புறப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் டி.சி.க்கு மூன்று மாதம் தாராளமாக ஆகிவிட்டது. நிலைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் பத்து நாள் குறைந்தது. அவன் சேர்ந்தது நிலைக்கு வந்த மறுநாள் என்பது என் இடம் பறிபோன தேதி ஆனதால், எனக்குக் கல்வெட்டு மாதிரி ஞாபகம் இருந்தது.

பந்தயக் காரியதரிசிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன்.

அதைச் சொல்லும்போது இப்போதும் காது சூடாகிறது. ஆனால் செய்யும்போது ரொம்பக் கவனமாகச் செய்தேன். என் கையெழுத்து ஊருக்கே தெரியும் என்பதால் இடது கையால் எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் காலி வகுப்பில் உட்கார்ந்தேன். தேர் கணக்கை முழுவதும் விளக்கி எழுதி முடிப்பதற்குள் இடது கை கழன்றுபோயிற்று. கடைசி வரிக்கு வரும்போது அடுத்த மணியும் அடித்துவிட்டது. கை போன போக்கில் முடித்து, திரும்பப் படித்துப் பார்க்காமல் உறையில் போட்டு ஒட்டினேன். உள்ளூர் முத்திரை விழக் கூடாது என்று சாயங்காலம் சைக்கிளில் வன்னியம்பட்டி வரைக்கும் போய்த் தபால் பெட்டியில் போட்டேன். ஒரு துப்பறியும் நாவல் எழுதத் தகுந்த மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு திரும்பினேன்.

ஒரு வாரம் கழித்து ஹெட்மாஸ்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். டிரில் மாஸ்டர், டி.சி., பயிற்சி நாட்களைக் குறித்து வைத்திருந்த புத்தகத்தோடு நான். என் கடுதாசி மேஜைமேல் கிடந்தது. காரியதரிசி அதை விசாரணைக்காக எங்கள் ஹெட்மாஸ்டருக்கே அனுப்பிவிட்டார். கூடவே, டி.சி. ஆடக் கூடாது என்று ஒரு குறிப்பும் இருந்தது.

"தேதி தப்புன்னா என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்து மானத்தை வெளியில கொண்டுபோய் வித்திருக்கான் ஒருத்தன். அவன் யாருன்னு தெரிஞ்சா இன்னைக்கே டி.சி.யைக் கையில குடுத்து வெளியே தள்ளிருவேன்" என்றார் ஹெட்மாஸ்டர். கோபத்தில் அவருடைய தலைப்பாகையே ஆடியது. பிறகு கடுதாசியை எடுத்து உரக்கப் படித்தார்.

மகா கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு. தேர் புறப்பட்டது. தேர் நின்றது. தேர் நிலைக்கு வந்தது. பத்து நாள் குறைவு. எல்லாம் நான் எழுதிய மாதிரியே கணீரென்று வந்தது. கடைசி வரியில் ஹெட்மாஸ்டர் சற்று நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் படித்தார்.

"ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி எனக்கு டி.சி. கொடுத்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இருபது விண்ணப்பம் எழுதிப் பழகிய கை, இடது கையானாலும் அதே தடத்தில் போய்விட்டது. ஆளைக் காட்டிக் கொடுக்கிற கடுதாசியின் கடைசியில் டி.சி. கேட்டு முடித்திருக்கிறேன். உலகத்தில் எந்தக் கோள்காரனும் இந்த மாதிரிக் காரியம் செய்திருக்க மாட்டான்.

மாஸ்டர் கடுதாசியை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"சார், இது இவன் பாடுத பாட்டுதான் சார். மாசம் ஆறு தடவை நான் கேட்டிருக்கேன். எழுத்தைப் பாருங்க. இடது கை."

ஹெட்மாஸ்டர் டி.சி.யைப் பார்த்தார். டி.சி. கடுதாசியை வாங்கி நிதானமாகப் படித்தான். அவன் எதையும் அவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததில்லை. முடித்துவிட்டு மடித்து மேஜைமேல் வைத்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் சார் எழுதினேன்."

"உன்னைப் பத்தி நீயே கோள் சொல்லி எழுதினியா?"

"ஆமா சார். எம்புட்டுத் தடவை கேட்டாலும் மாஸ்டர் கிழிச்சுப் போட்டுருதாரு. அதான் மேலே எழுதிப் பாத்தேன்."

"ஏலே, உனக்கு நான் என்னலே குறை வச்சேன்" என்றார் மாஸ்டர். மப்ளரைப் பிரித்துப் பந்து சுற்றிய மனிதர்.

டி.சி. தலையைக் குனிந்துகொண்டான். ஹெட்மாஸ்டர் பத்து நிமிஷத்தில் டி.சி. எழுதிக் கையில் கொடுத்தார். அவன் வாங்கியதிலேயே சீக்கிரம் கிடைத்தது அதுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வெளியே போகிறவன் நான். அது மட்டுமென்றால் பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். உள்ளே ஒரு மூலையில் இடம் கிடைத்துவிட்டது என்ற குஷியும் இருந்தது. அந்தக் குஷிக்காகத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அந்த மூன்று மாத விதி எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் உண்டு. எங்கே போய்ச் சேர்ந்தாலும் அந்த வருஷம் டி.சி. மட்டை பிடிக்க முடியாது. அவனுடைய பள்ளிக்கூட ஆட்டம் ஹெட்மாஸ்டர் அறையிலேயே முடிந்துவிட்டது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

கோப்பை ஆட்டத்துக்கு நாங்கள், பெட்ரோல் பஞ்சத்துக்காகக் கரி எரித்து ஓட்டிய பஸ்ஸில் போனோம். நடுவழியில் இரண்டு தடவை நின்று அது மூச்சு வாங்கியது. நான் புது அரக்குப் பனியனில் உட்கார்ந்திருந்தேன். காலையில் அம்மா எனக்குத்தான் முதல் தோசை போட்டாள். போட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை ஏன் இன்னைக்கு வரல?" என்று கேட்டாள். தோசை இறங்கவில்லை.

மைதானத்தில் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் டி.சி. உட்கார்ந்திருந்தான். மம்சாபுரத்திலிருந்து சைக்கிளில் வந்திருக்கிறான். ராஜபாளையத்துப் பையன்கள் அவனைச் சுற்றி நின்று, "இங்க எந்தப் பக்கத்துக்கு வந்திருக்கே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். எங்கள் மாஸ்டர் அவன் இருந்த திசையையே பார்க்கவில்லை. டி.சி. சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

என் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் பந்தை வலையில் அடித்தேன். இரண்டாவது பந்தை அம்பயர் மேல் அடித்தேன். மூன்றாவது பந்து வந்ததையே பார்க்கவில்லை. ஜனங்கள் சிரித்தார்கள். மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். அப்போது எல்லைக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே ரைட்டரு, ஒரு அடி பின்னால நில்லு. பந்து உன்கிட்ட வரட்டும். நீ போவாத."

ஒரு அடி பின்னால் நின்றேன். பந்து வந்தது. அடித்தேன். வலையைத் தாண்டி விழுந்தது. யாரும் தொடவில்லை. என் வாழ்க்கையில் முதல் பாயிண்டு. எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று கை தட்டியவன் டி.சி. அதற்கப்புறம் ஆட்டம் முழுக்க அவன் உட்காரவில்லை. எல்லைக் கோட்டோடு கூடவே ஓடி, "மட்டையைத் தூக்கு", "இடது பக்கம் வரும் பாரு", "விடு, அது வெளிய போவுது" என்று கத்திக்கொண்டே இருந்தான். அம்பயர் இரண்டு தடவை எச்சரித்தார். நான் ஏழு பாயிண்டு எடுத்தேன். இருபத்தொன்பதுக்கு இருபத்தாறு என்று தோற்றோம். டி.சி. ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. மாஸ்டர் மட்டையை வாங்கிக்கொண்டு, "பரவால்லலே" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸுக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். டி.சி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் சொல்ல வாயெடுத்தேன்.

"ஏலே, அந்தக் கடுதாசி..."

"தெரியும்லே."

"எப்படித் தெரியும்?"

"அந்தக் கடைசி வரியை நான் என்னைக்குலே சொந்தமா எழுதினேன்? நீ எழுதுவே, நான் பாத்து எழுதுவேன். இம்புட்டு நாளா அதுதான நடந்துச்சு."

"பொறவு ஏன்லே நாந்தான்னு சொன்னே?"

அவன் சைக்கிள் மணியை விரலால் துடைத்தான்.

"நான் டி.சி. வாங்கினா ஊருல யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாக. நீ வாங்கினா உங்கம்மா அழும்." அப்புறம் சொன்னான்: "அதுவும்போக, ரெண்டு வருசமா நீ பென்சிலும் கையுமா உக்காந்திருந்தேன்னு மாஸ்டர் சொன்னாரு. ஒரு ஆட்டத்துக்கே எனக்குப் பொறுக்காது. எப்படிலே உக்காந்திருந்தே?"

அவன் கேட்டது கேலிக்கில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் அழுதுவிட்டேன். அவன் சங்கடப்பட்டு, "சரி, ஏழு பாயிண்டு எடுத்தேல்ல, பஸ்ஸுல ஏறு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

பிறகு அவன் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சேர்ந்தான். மில்லுக்கும் டீம் உண்டு. அங்கிருந்து வேறு மில், அங்கிருந்து விருதுநகர், அப்புறம் கோயமுத்தூர். கடிதம் எழுதினால் அது போய்ச் சேருவதற்குள் அவன் கிளம்பியிருப்பான். போன ஊரில் எல்லாம் முதல் ஐந்து பேரில் அவன் இருந்தான் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல்தான். அது இன்னும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. அவன் கை, அவன் ஆட்டம், எங்கள் வீட்டு முதல் தோசை, எல்லாவற்றுக்கும் நான்தான் அவன் மேல் பொறாமைப்பட்டேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவன் என் மேல் பொறாமைப்பட நியாயம் இருக்கிறது. அவனுக்குக் கிடைத்த சிநேகிதன் நான். எனக்குக் கிடைத்த சிநேகிதன் அவன்.